மஸ்கட்டிலிருந்து வந்த சைக்கிள் ஹப்

2008-ஆம் வருடம், ஆடி மாதக் கடைசி. சிதறால் மலைக்குப் பக்கத்தில், பஸ் எப்போதாவது எட்டிப் பார்க்கிற ஒரு ஊரில் எங்கள் வீடு. வீடு என்று பெரிதாகச் சொல்கிறேன். கதவு ஜன்னலுக்கு மேலே வருகிற லிண்டல் மட்டம் வரைக்கும் சுவர் எழும்பி, மேலே பார்த்தால் வானம் தெரிகிற வீடு அது. அதை ஒட்டி ஷீட் போட்ட ஒரு சின்ன கொட்டகையில்தான் நானும் என் இரண்டு பிள்ளைகளும் இருந்தோம். கணவர் மஸ்கட்டில். அவர் அனுப்பிய பணத்தில் அவ்வளவு சுவர்தான் எழும்பியிருந்தது. அவர் லீவில் வந்து அடுத்த சுற்றுக்குப் போனால் மேலே கான்கிரீட் போட்டுவிடலாம் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

நாலு வருடம் கழித்து அவர் வந்தார். எங்கள் பக்கம் வளைகுடாவிலிருந்து ஒருத்தர் வந்தால் பெட்டி பிரிப்பது ஒரு திருவிழா. சொந்தக்காரர்கள் எல்லாம் காரியமாக வந்து சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். கத்தியை எடுத்துக் கயிற்றை அறுப்பதற்கு முன்னாலேயே, உள்ளே யாருக்கு என்ன இருக்கும் என்று ஆளாளுக்கு முடிவு செய்திருப்பார்கள். நானும் முடிவு செய்திருந்தேன். நான் சிறு வயதில் மடத்தில் லேஸ் பின்னப் படித்தவள். கன்னியாஸ்திரிகள் நூல் தருவார்கள். மேசை விரிப்பு, தலையணை ஓரம் என்று பின்னிக் கொடுப்பேன். பின்னி முடித்ததைச் சுருக்கம் இல்லாமல் தேய்த்துக் கொடுக்க வேண்டும். அதனால் போனில் பேசும்போதெல்லாம் நல்ல வெயிட்டான ஒரு இஸ்திரிப் பெட்டி வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சோப்பு வந்தது, பால்பொடி வந்தது, பிள்ளைகளுக்கு மிட்டாய் வந்தது, அவருடைய அக்காவுக்கு ஒரு கம்பளி வந்தது. அடியில் துண்டில் சுற்றிய ஒரு பொருள். எடுத்தேன். கை தாழ்ந்தது. அப்பாடா, வந்துவிட்டது என்று துண்டைப் பிரித்தால், உள்ளே பளபளவென்று ஒரு சைக்கிள் ஹப்! ஹப் என்றால் தெரியும்தானே, சக்கரத்தின் நடுவில் இருக்கிற இரும்பு உருளை. அதன் இரண்டு பக்கமும் ஓட்டை ஓட்டையாக இருக்கும். அங்கிருந்துதான் கம்பிகள் எல்லாம் ரிம்முக்குப் போகும்.

அவருடைய அக்கா, அதாவது எனக்கு மைனி, கம்பளியை மடியில் வைத்துக்கொண்டே சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "ஏலே, கடல் கடந்து போயி நாலு வருசம் கெடந்துட்டு, இந்தச் சவத்தையா கட்டித் தூக்கிட்டு வந்த? இது மார்த்தாண்டத்துல கெடைக்காதா?"

"இது பாரின் சாதனமாக்கும்" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இஸ்திரிப் பெட்டி வராத கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு மாதமோ இரண்டு மாதமோ லீவில் வருகிற மனிதனுக்குப் புது ஹப் எதற்கு என்று அந்த நிமிஷமே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்தச் சைக்கிள் கதையைச் சொன்னால்தான் இது புரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்தே அவருக்கு வாழைக்குலை வியாபாரம். சுற்று வட்டாரத்தில் விளைகிற ஏத்தன்குலைகளை, அதாவது நேந்திரன் வாழைக்குலைகளை வாங்கி, பழைய சைக்கிளின் பின்னால் பெரிய கேரியரில் வரிசையாகக் கட்டி, மார்த்தாண்டம் சந்தைக்குக் கொண்டு போவார். எங்கள் ரோடு ஏற்றமும் இறக்கமும்தான். சமமான இடம் என்று ஒரு முழம் கிடையாது. ஒரு நாள் இறக்கத்தில் பாரம் தாங்காமல் பின்சக்கர ஹப் விளிம்போடு பிய்ந்து, ஆளும் குலையும் ஓடையில் கிடந்தார்கள். அதற்கு முன்பும் ஒரு தடவை அப்படித்தான். "நம்ம ஊரு ஹப்ப நம்பி இனி ஒரு காய் ஏத்த மாட்டேன்" என்று சைக்கிளைத் தூக்கிக் கொட்டகை உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டார். அந்த மாதமே மஸ்கட்டுக்கு விசா வந்தது. போய்விட்டார்.

எல்லாரும் போன பிறகு கேட்டேன். "இஞ்ச பாருங்க, எத்தற நாளு லீவு?"

அவர் உத்திரத்தில் தொங்குகிற சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார். "லீவு இல்ல ஏட்டி. விசாவ கேன்சல் பண்ணிட்டு வந்துட்டேன்."

சந்தோஷமா? சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அதே நேரத்தில் பக்கத்தில் கூரை இல்லாமல் நிற்கிற சுவர்களும் கண்ணுக்கு முன்னால் வந்தன. "கடவுளே, இனி என்ன செய்யப் போறோம்?" என்றுதான் வாயில் வந்தது.

"அங்க கெடந்து எனக்கு மூச்சு முட்டுது. போன்ல பிள்ளையளுக்க சத்தம் கேட்டாலே அன்னைக்கி சோறு எறங்காது. குலை யாவாரத்தத் திரும்பத் தொடங்கலாம்னு இருக்கேன். ஆனா நீ போகச் சொன்னா போறேன். நீ சொல்லு" என்றார்.

நான் சொல்லவில்லை. வேண்டுமென்று சொல்லாமல் இருக்கவில்லை, எனக்கே தெரியவில்லை. மழை பெய்தால் கொட்டகையில் மூன்று இடத்தில் பாத்திரம் வைக்கிற ஒருத்தியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் அவள் எதைச் சொல்வாள்?

விஷயம் மைனிக்குத் தெரிந்தது. சும்மா இருப்பாளா? அவளுடைய வீட்டுக்காரர் கத்தாரில் நல்ல வேலையில் இருந்தார். இரண்டே நாளில் அங்கே ஒரு விசாவுக்கு வழி செய்துவிட்டார். "அத்தான் ஒனக்காகப் பிடிச்சு வச்சிருக்காவ. வாற ஞாயிற்றுக்கெழம பூச முடிஞ்சதும் கூப்புடுவாவ. செரின்னு சொல்லணும். இல்லேண்ணா வேற ஆளுக்குப் போயிரும், கேட்டியா?" என்று வந்து சொல்லிவிட்டுப் போனாள். நல்லதுக்குத்தான் செய்தாள், அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

இவர் நேராகப் போய்ச் சைக்கிளைக் கீழே இறக்கினார். பின்சக்கரத்தில் பழைய கம்பியெல்லாம் துருப்பிடித்துப் போயிருந்தது. ரிம் மட்டும் கல்லு மாதிரி இருந்தது. ரிம்மையும் ஹப்பையும் எடுத்துக்கொண்டு ஜங்ஷனில் இருக்கிற சைக்கிள் கடைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார், முகம் தொங்கிப் போய்.

"என்னாச்சு?"

"ஹப்புல முப்பத்தாறு ஓட்டை. நம்ம ரிம்முல நாப்பது ஓட்டை. இது அதுல கேறாதுன்னு சொல்லுகான்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கடல் கடந்து சுமந்து வந்த சாதனத்தின் ஓட்டையை ஒரு தடவை எண்ணிப் பார்க்கக் கூடாதா மனிதன்? பாரின் என்றால் எல்லாம் பொருந்தும் என்று ஒரு நினைப்பு எங்கள் ஊர்க்காரர்களுக்கு. டேப்ரெக்கார்டர் கொண்டு வந்து வீட்டு கரண்டில் சொருகிப் புகைய விட்டவர்கள் எல்லாம் உண்டு. கடைக்காரர் நம்ம ஊரு ஹப்பே ஒன்று மாட்டித் தருகிறேன் என்றாராம். இவருக்கு மனசு வரவில்லை. இரண்டு தடவை உடைந்து ஓடையில் விழுந்தவருக்கு எப்படி வரும்? முப்பத்தாறு ஓட்டை ரிம் கிடைக்குமா என்றால், பாரம் ஏற்றுகிற பெரிய சக்கரத்துக்கு அது இந்தப் பக்கம் எங்கேயும் இல்லை.

"நாலு ஓட்டைய சும்மா விட்டுட்டு முப்பத்தாறு கம்பியிலயே பின்னிப் பாக்கேன்" என்று புதுக் கம்பியும் முறுக்குகிற சாவியும் வாங்கி வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சக்கரம் பின்னத் தெரியும். முன்பு தன் சைக்கிளை யாரையும் தொட விட மாட்டார்.

அது வியாழக்கிழமை. காலையிலிருந்தே சாரல். கூரையில்லாத வீட்டின் முன்னறையில் ஒரு தார்ப்பாயைக் கட்டி, அதற்குக் கீழே அவர் சக்கரத்தோடு இருந்தார். நான் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து லேஸ் பின்னிக்கொண்டிருந்தேன். அவர் சாக்குக்கட்டியை எடுத்து, பத்து ஓட்டைக்கு ஒன்று என்று ரிம்மில் நாலு இடத்தில் குறி போட்டார். அந்த நாலையும் விட்டுவிட்டு மற்றதில் கம்பியைக் கோத்தார். கடைசியில் வந்து பார்த்தால், ஹப்பின் ஒரு பக்கத்தில் இரண்டு கம்பி மிச்சம். அதற்கு ரிம்மில் இடம் இல்லை. எதிர்ப்பக்கத்தில் இரண்டு ஓட்டை காலியாக நின்றது. சரி என்று அந்த ஓட்டையிலேயே அந்தக் கம்பிகளை இழுத்து மாட்டினார். முறுக்க முறுக்கச் சக்கரம் அப்பளம் மாதிரி ஒரு பக்கமாக வளைந்தது. எல்லாவற்றையும் பிரித்தார். திரும்ப முதலிலிருந்து பின்னினார். திரும்பவும் அதே இரண்டு கம்பி மிச்சம், அதே அப்பளம்.

மத்தியானம் மைனி குடையோடு வந்து நின்றாள். வளைந்த சக்கரத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "மக்கா, போதும்டே. பிள்ளையளுக்கு ஒரு கூர வேண்டாமா?" என்று பைய கேட்டாள். அவள் சிரித்திருந்தால்கூட இவர் தாங்கியிருப்பார். அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. சாவியைக் கீழே வைத்தார். கையிலிருந்த துருவை வேட்டியில் துடைத்தார்.

"செரி அக்கா. ஞாயிற்றுக்கெழம வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இப்பவே அத்தானுக்குப் போனப் போடு" என்றார்.

இங்கேதான் நான் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது. முதல் தடவை அவர் குறி போட்டபோதே தப்பு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வட்டமாக லேஸ் பின்னுகிறவளுக்கு, எந்த இடத்தில் கண்ணி விட்டால் எந்தப் பக்கம் இழுக்கும் என்று கண் தானாகவே பார்த்துவிடும். ரிம்மில் ஓட்டைகள் ஒன்று விட்டு ஒன்றுதான் வலது கம்பிக்கும் இடது கம்பிக்கும். பத்துக்கு ஒன்று என்று எண்ணி விட்டால், விடுகிற நாலும் ஒரே பக்கத்துக் கம்பிக்கு உள்ள ஓட்டையாகத்தான் வரும். ஒரு பக்கம் பட்டினி கிடக்கும், இன்னொரு பக்கம் மிஞ்சும். இரண்டு குறியை மட்டும் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டால் போதும். அவ்வளவுதான் காரியம்.

இரண்டாவது தடவையும் அவர் அதே மாதிரி பின்னும்போது நான் ஊசியைக் குத்திக்கொண்டு பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். சொல்லவில்லை. அந்தச் சக்கரம் சரியாகிவிட்டால் அவர் இங்கேதான். சரியாகாவிட்டால் கத்தார், கான்கிரீட், மழை ஒழுகாத வீடு. நான் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். அவரைப் போகச் சொன்னது நான் இல்லை என்றும் ஆகிவிடும். மைனி போனை எடுத்து நம்பரைத் தட்ட ஆரம்பித்தாள். இவர் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அடிக்குக் காத்து நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார். ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த அந்த முகத்தைத்தான் நாலு வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதே முகம் அங்கே நின்றது.

"எல்லாத்தையும் ஒரு பக்கமாட்டே விட்டா சக்கரம் எப்பிடி நிக்கும்?" என்று கத்தினேன். கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். பேச நினைத்தேன், வந்தது கத்தல். "அந்தப் பக்கம் ரெண்டு, இந்தப் பக்கம் ரெண்டு விடணும். ஒரு லேஸ் பின்னத் தெரியாத ஆளு!"

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மடியிலிருந்த லேஸைத் தூக்கி வைத்துவிட்டு, சாக்குக்கட்டியை எடுத்து, நாலு குறியில் எதிரெதிராக இருந்த இரண்டை அழித்து ஒரு ஓட்டை தள்ளிப் போட்டேன். அவர் ரிம்மைப் பார்க்கவில்லை, என்னையேதான் பார்த்தார். நீ சொல்லு என்று கேட்ட மனிதனுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அவர் கண்ணே சொன்னது.

"அம்மாடி, ரெண்டு பேருக்கும் கிறுக்குப் பிடிச்சு போச்சு" என்று மைனி போனை மடியில் சொருகிக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போனாள்.

பிறகு நாங்கள் இரண்டு பேருமாகத்தான் பின்னினோம். நான் கம்பியை ஒவ்வொன்றாக ஹப்பில் கோத்துக் கொடுக்க, அவர் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் குறுக்கே போட்டு ரிம்மில் மாட்டி முறுக்கினார். ஒரு கம்பி மிச்சமில்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுற்ற விட்டு, சாக்குக்கட்டியை ரிம்முக்குப் பக்கத்தில் பிடித்துக் கோட்டம் எடுத்தார். எங்கே கட்டி படுகிறதோ அங்கே ஒரு முறுக்கு. சாயங்காலம் சக்கரம் ஆடாமல் அசையாமல் சுற்றியது. நாலு வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அப்பாவும் அம்மாவும் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்துப் பயந்தே போனார்கள்.

சனிக்கிழமை சந்தை. ஓணம் நெருங்கிக்கொண்டிருந்ததால் ஏத்தன்குலைக்கு மலையாளத்துக்காரர்கள் போட்டி போட்டு வருவார்கள். பக்கத்துத் தோட்டத்தில் வாங்கிய குலைகளை விடியற்காலையில் கேரியரில் கட்டினார். ஏற்றத்தில் தள்ளிவிட நானும் பின்னால் நடந்தேன். ஏற்றம் முடிந்து இறக்கத்தில் அவர் ஏறி உட்கார்ந்து இரண்டு மிதி மிதித்திருப்பார். பின்சக்கரத்திலிருந்து "டிங்" என்று ஒரு சத்தம். அடுத்து இன்னொன்று. அப்புறம் டிங் டிங் என்று வரிசையாக.

"மாதாவே!" என்று நான் அங்கேயே நின்றுவிட்டேன். அவர் குதித்து இறங்கினார். இரண்டு பேரும் ரோட்டோரம் மண்டியிட்டு ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிப் பார்த்தோம். ஒன்றும் உடையவில்லை. சில கம்பி மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. "புதுக் கம்பியாக்கும். பாரம் விழவும் அதுக்க எடத்த அது பிடிக்குது, அந்தச் சத்தம்தான்" என்று சாவியை எடுத்து முறுக்கினார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. "பைய போங்க" என்றேன். பைய போனார். வளைவு திரும்பும் வரை நான் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று மத்தியானம் வரை எனக்கு ஒரு வேலை ஓடவில்லை. சோறு குழைந்தது, குழம்பு அடிபிடித்தது. ரோட்டில் யார் வந்தாலும் ஏதோ கெட்ட செய்தி சொல்ல வருகிற மாதிரியே இருந்தது. கடைசியில் பெல் சத்தம் கேட்டது. காலிக் கேரியர், நனைந்த சட்டை, ஹேண்டிலில் ஒரு பையில் சாளை மீன். "குலுங்கக்கூட இல்ல ஏட்டி" என்றார். நான் மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஒரு பாடு அழுதேன்.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும், சொன்ன மாதிரியே கத்தாரிலிருந்து அழைப்பு வந்தது. மைனிதான் போனைக் கொண்டு வந்தாள். இவர் கை நீட்டுவதற்கு முன்னால் நான் வாங்கினேன். "அண்ணா, நீங்க இவ்வளவு சிரமப்பட்டதுக்கு ரொம்ப நன்றி. அவிய வரல்ல. நாந்தான் சொல்லுகேன், அவிய வரல்ல. அந்த விசாவ வேற ஆருக்காவது குடுங்க" என்றேன். மைனி கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் பேசினாள், தம்பி பட்டினியாகக் கிடக்கவில்லை என்று தெரிந்த பிறகு எந்த அக்காதான் பேசாமல் இருப்பாள்?

எல்லாம் சுகமாக நடந்தது என்று கதை விட மாட்டேன். கான்கிரீட் போட வருடக்கணக்கானது. முதலில் ஷீட்தான் போட்டோம். மழை ராத்திரிகளில் பாத்திரத்தை நகர்த்தும்போது, அந்த விசாவை நினைத்து இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் படுத்த நாட்கள் உண்டு. இஸ்திரிப் பெட்டியை நானே என் லேஸ் காசில் வாங்கிக்கொண்டேன். ஆனால் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட ஆள் இருந்தது. மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய முதல் நன்மைப் பூசைக்கு அவள் அப்பா கோவிலில் முன்வரிசையில் இருந்தார். இப்போது குலைகள் டெம்போவில் போகின்றன. அவருக்குத் தலை நரைத்துவிட்டது. ஒன்றுமில்லாத விஷயத்துக்கு என்னோடு சண்டை போடுவார். நானும் விட மாட்டேன்.

சில நாள் மத்தியானம் அவர் எதிரே உட்கார்ந்து கஞ்சியும் பயறும் தின்றுகொண்டிருக்கும்போது, காரணமே இல்லாமல் அந்த வியாழக்கிழமை ஞாபகத்துக்கு வரும். சரியானதைச் சொன்னேன் என்ற பெருமை எனக்கு வருவதில்லை. வாய்க்குள்ளேயே இருந்த அந்த வார்த்தையை ஒருவேளை சொல்லாமலே இருந்திருப்பேனோ என்று நினைக்கும்போது வருகிற நடுக்கம்தான் முதலில் வருகிறது, உடனே எழுந்து அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றிவிடுகிறேன்.